ஆடிக்குள் தெளிய வேண்டும்

"வலது பக்கம் ஏதோ அசைஞ்சுதுங்க!"

"எங்க?"

"போயிடுச்சு."

குணசீலன் தொட்டியின் கண்ணாடியில் மூக்கை ஒட்டி வைத்துக்கொண்டு டார்ச் அடித்தான். பட்டப்பகல், பதினொரு மணி வெயில். தன் வீட்டு ஹாலில், மூன்றடித் தொட்டிக்குள் இருக்கிற இரண்டு மீன்களைப் பார்க்க அவனுக்கு டார்ச் தேவைப்பட்டது. தண்ணீர் அந்த அளவுக்குப் பச்சை. வெளிச்சம் ஒரு விரல் ஆழம் உள்ளே போய், அதற்கு மேல் போகத் துணிவில்லாமல் நின்றுவிட்டது.

"ரெண்டும் உயிரோடதான் இருக்குதுங்களா?" என்றாள் வெண்ணிலா.

"போடற தீனி காணாமப் போவுதில்ல?"

"தீனி கரைஞ்சு போயிருந்தா?"

இதை அவன் யோசித்திருக்கவில்லை. இப்போது யோசித்தான்.

அந்த நேரம் பார்த்துச் செல்போன் அடித்தது. மாமனார்.

"இன்னா மாப்ள, மீனு எப்படி இருக்குது?"

"ஜம்முனு இருக்குது மாமா."

"கறுப்பு?"

"அதுவும் ஜம்முனு இருக்குது."

"தண்ணி?"

குணசீலன் தொட்டியைப் பார்த்தான். "தண்ணி... தண்ணியாட்டமே இருக்குது மாமா."

"நல்லது. ஆடி ஒண்ணாந்தேதி காலைல வந்துடறேன். நேர்ல ஒரு தடவ பாத்துட்டு முடிவு பண்ணிடலாம்."

போன் வைக்கப்பட்டது. ஆடிக்கு இன்னும் இருபது நாள் இருந்தது.

மாமனார் ராஜாக்கண்ணு போளூரில் பத்திர ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து பல வருஷம். ஒரே மகள் வெண்ணிலா. முப்பத்தோரு வருஷம் அடுத்தவர் பத்திரத்தில் அடித்தல் திருத்தல் கண்டுபிடித்த கண், ஓய்வு பெற்ற பிறகு மீன் தொட்டிப் பக்கம் திரும்பியது. வீட்டில் வரிசையாக ஆறு தொட்டிகள்.

பெண் பார்க்க வந்த அன்றே அவர் குணசீலனை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்ட ஒரே கேள்வி: "ஜவ்வாது மலையிலயா குடித்தனம்?"

குணசீலனுக்கு வேலை ஜமுனாமரத்தூரில். மலை விவசாயிகள் சேர்ந்து நடத்தும் சாமை மில்லில் மேனேஜர். நல்ல வேலை, நல்ல மக்கள், நல்ல குளிர். ஆனால் போளூர்க்காரருக்கு மலை என்றால் கரடி.

சித்திரையில் கல்யாணம் நடந்தது. சீர்வரிசையில் பீரோ, கட்டில், கிரைண்டரோடு ஒரு மீன் தொட்டியும் ஏறியது. உள்ளே ஒரு ஜோடி தங்க மீன். ஒன்று ஆரஞ்சு, இன்னொன்று முட்டைக்கண் வைத்த கறுப்பு. வண்டி கிளம்பும்போது ராஜாக்கண்ணு மாப்பிள்ளையின் தோளில் கையை வைத்துச் சொன்னார்:

"மனுசன் பொய் சொல்லுவான் மாப்ள, மீனு சொல்லாது. மலைத் தண்ணி ஒத்துக்குதா இல்லையான்னு இதுங்கள வெச்சே தெரிஞ்சிடும். ஆடி வரைக்கும் பாப்போம். தண்ணி தெளிவா இருந்து, மீனும் நல்லா இருந்தா நான் ஒரு வார்த்த பேசமாட்டேன். இல்லன்னா, வேற மாதிரிதான் யோசிக்கணும்."

வேற மாதிரி என்றால் என்ன மாதிரி என்று குணசீலனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முதல் ஆடிக்குப் புதுப் பெண்ணை அப்பா வீட்டுக்கு அழைத்துப் போவது வழக்கம். ஒரு மாதத்தில் திரும்ப அனுப்புவதும் வழக்கம்தான். ஆனால் வெண்ணிலாவின் பெரியப்பா மகள் அப்படி ஆடிக்குப் போனவள், புருஷன் அவள் அப்பா ஊருக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு வந்த பிறகுதான் அவனோடு சேர்ந்தாள். அதற்குள் இன்னொரு ஆடி வந்துவிட்டிருந்தது. அந்தக் குடும்பத்தின் வழி அது.

வாரா வாரம் மாமனார் போனில் கேட்ட கேள்விகளும் அதையே சொல்லின. "பாத்ரூம்ல வெந்நி வருதா?" "ஆஸ்பத்திரி நடக்கற தூரமா?" "ராத்திரி பனி காதை அடைக்குதா?" மகளுக்கு அங்கே என்னென்ன குறை என்று அவர் பட்டியல் போடுகிறார் என்று குணசீலனுக்குப் புரிந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் பரீட்சை எழுதுகிறவன்போல் பதில் சொன்னான்.

எல்லாவற்றிலும் பாஸ். தண்ணீர் ஒன்றில்தான் இடித்தது.

"தொட்டிய யாருக்காச்சும் குடுத்துட்டு, ஒடைஞ்சு போச்சுன்னு சொல்லிட்டா?" என்று மெல்ல ஆரம்பித்தான்.

வெண்ணிலா அவனைப் பார்த்த பார்வையில் அந்த யோசனை அங்கேயே உடைந்தது. "சீர்ல வந்ததுங்க. அதக் குடுக்கறதும் ஒண்ணு, என்னக் கொண்டுபோய் வுடறதும் ஒண்ணு."

ஆக, தண்ணீர் தெளிய வேண்டும். ஆடிக்குள்.

முதலில் தண்ணீரை மாற்றினான். பாதித் தண்ணீரை இறைத்து வெளியே கொட்டி, வீட்டுக்குப் பின்னால் இருந்த கிணற்றிலிருந்து பதினெட்டு குடம் சுமந்து ஊற்றினான். இடுப்பு பிடித்துக்கொண்டது. சாயங்காலம் தண்ணீர் இளம்பச்சை. அப்பாடா என்று படுத்தான். மூன்றாம் நாள் பார்த்தால் முன்பைவிட இரண்டு மடங்கு பச்சை. முன்பு கொத்தமல்லிச் சட்னி மாதிரி இருந்தது, இப்போது புளிச்சக்கீரைக் கடைசல் மாதிரி இருந்தது.

அடுத்து, செல்போனில் ஒரு வீடியோ பார்த்தான். தொட்டியை நாலு நாள் இருட்டில் வைத்தால் பாசி வெளிச்சம் இல்லாமல் செத்துவிடுமாம். தீனியும் போடக் கூடாதாம்.

"நாலு நாள் பட்டினியா?" என்றாள் வெண்ணிலா. "எங்கப்பா வந்து பாக்கறப்ப எலும்பும் தோலுமா நிக்கும்!"

"மீனுக்கு ஒண்ணும் ஆவாதாம்."

"வீடியோ போட்டவன் நாலு நாள் பட்டினி கெடந்தானா?"

கல்யாணத்துக்கு வந்த புதுச் சிவப்புப் போர்வையைத் தொட்டி மேல் போர்த்தினான். அன்று மாலை, மில்லுக்குச் சாமை கொண்டுவரும் பக்கத்து ஊர் விவசாயி கோபால்சாமி கணக்கு கேட்க வந்தார். ஹாலுக்குள் கால் வைத்தவர் அப்படியே பின்வாங்கி, செருப்பை வாசலில் விட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சிவப்புத் துணியைப் பார்த்துக் கும்பிட்டார்.

"சார், இன்னா சாமி சார் இது? தொறக்கற நாளு எப்போ?"

"சாமி இல்லண்ணே. மீனு."

"மீனு சாமியா!" என்று இன்னொரு முறை கும்பிட்டார்.

மூன்றாம் நாள், குணசீலன் மில்லில் இருந்த நேரம், வெண்ணிலாவுக்கு மனசு கேட்கவில்லை. போர்வையின் ஓரத்தைத் தூக்கி ஒரு சிட்டிகை தீனி போட்டாள். பசித்த மீன் துள்ளியிருக்க வேண்டும். பயந்து கையை உதறினாள். போர்வை முழுவதும் தொட்டிக்குள் போய்விட்டது.

அவன் மாலையில் வந்து பார்த்தபோது போர்வை கொடியில் காய்ந்தது, பாதிச் சிவப்பாக. மீதிச் சிவப்பு தொட்டியில் இருந்தது. பச்சையும் சிவப்பும் கலந்து தண்ணீர் லேகிய நிறத்துக்கு வந்திருந்தது.

"திட்டாதீங்க," என்றாள் வெண்ணிலா.

"திட்டல."

"மனசுக்குள்ள திட்டறீங்க."

விஷயம் கோபால்சாமி காதுக்குப் போய், அவர் மறுநாள் மடியில் ஏதோ முடிந்துகொண்டு வந்தார். அவிழ்த்துக் காட்டினார். பொத்தான் மாதிரி வட்டமான சின்னக் கொட்டைகள்.

"தேத்தாங்கொட்ட சார். மழைக்காலத்துல எங்க ஓடைத் தண்ணி செம்மண்ணாத்தான் வரும். பானைக்குள்ளாற இதுல ஒண்ணு எடுத்து நாலு தேய் தேச்சு தண்ணிய ஊத்திட்டா, விடிஞ்சா கண்ணாடி. காசு போட்டா தலையா பூவான்னு அடியில தெரியும்."

"பானைக்கு ஒண்ணுதானா?"

"ஒண்ணே ஜாஸ்தி."

குணசீலன் மில் மேனேஜர். தேய்ப்பது, உரசுவது எல்லாம் அவனுக்குச் சின்ன வேலையாகப் பட்டது. தொட்டி இத்தனை பானை, பானைக்கு இத்தனை என்று கணக்குப் போட்டு, ஆடி நெருங்குவதால் அதையும் இரட்டிப்பாக்கி, மொத்தத்தையும் மில்லில் கொடுத்து மாவாக அரைத்துக்கொண்டு வந்து கொட்டினான்.

விடிந்தது. வெண்ணிலா கத்தினாள். "என்னங்க! தெளிஞ்சிடுச்சு!"

ஓடி வந்தான். உண்மைதான். மேல் பாதி இளநீர் மாதிரித் தெளிவு. கீழ்ப் பாதியில் கெட்டித் தயிர்போல் ஒரு பழுப்புப் படிவு, அசையாமல். குணசீலனின் கண் கலங்கியது. கோபால்சாமிக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தான்.

அந்தப் படிவுக்குள் படுத்திருந்த ஏதோ ஒரு மீன், எழுந்து சோம்பல் முறித்தது.

ஒரே ஒரு தடவைதான் வாலை ஆட்டியது. அடிமட்டம் முழுக்கக் கிளம்பி மேலே வந்து, தொட்டி முழுசாய்க் கூழாகிவிட்டது. அந்தக் கூழை உறிஞ்சிய பில்டர் மோட்டார் 'கொர்' என்று ஒரு சத்தம் போட்டு நின்றது. பத்து நிமிஷத்தில், கூழின் மேல்மட்டத்தில், மூன்று வாரத்தில் முதல் தடவையாக மீன்கள் தெரிந்தன. வாய் மட்டும். இரண்டு வாய்கள், காற்றுக்குத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தன.

"செத்துப் போவுதுங்க! எதாச்சும் பண்ணுங்க!"

பில்டரைப் பிரித்துக் கழுவினான். கூழைக் குழாய் வைத்து உறிஞ்சி வெளியே விட்டான். மறுபடி பதினெட்டு குடம். மீன்கள் பிழைத்தன. தண்ணீர் மறுபடி பச்சைக்கே வந்தது. லேகியத்துக்கும் கூழுக்கும் பிறகு அந்தப் பச்சையைப் பார்த்தபோது சொந்தக்காரரைப் பார்த்த மாதிரிகூட இருந்தது.

ஆடிக்கு இன்னும் எட்டு நாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போளூருக்கு இறங்கினான். மாமனார் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று ஆனி மாத வெயிலில் மப்ளர் சுற்றியிருந்தான். ஊரில் எல்லோரும் அவனையே திரும்பிப் பார்த்தார்கள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த மீன் கடைக்காரர் நவீன்குமார், மப்ளரை ஒரு கணம்தான் பார்த்தார். "ராஜாக்கண்ணு ஐயா மாப்ளதானே நீங்க? கல்யாணத்துல சாப்ட்டேன் சார். இன்னா, தொண்ட கட்டிக்கிச்சா?"

குணசீலன் மப்ளரை அவிழ்த்தான். "மாமா இங்க வருவாரா?"

"தெனமும் சாயங்காலம் வருவாரு. ஒரு வாரமாத்தான் காணோம். வூட்ல ரூமெல்லாம் ஒழிச்சு, சாமான எடுத்துத் தொடைச்சிட்டு இருக்காருன்னு சொன்னாங்க."

குணசீலனுக்குச் சுருக்கென்றது. ரூமை ஒழிக்கிறார். மகளுக்கு. ஒரு மாதத்துக்குத் தங்க வருகிறவளுக்கு யாராவது ரூம் ஒழிப்பார்களா?

விஷயத்தைச் சொன்னான். நவீன்குமார் பொறுமையாகக் கேட்டார்.

"உங்க கெணத்துக்கு மேல நெலம் இருக்குதா?"

"சாமைக் காடு இருக்குது."

"அந்த எருவெல்லாம் எறங்கித்தான் கெணத்துக்கு வரும். பாசிக்கு பிரியாணி போட்டுட்டு, ஏன் வளருதுன்னா?" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய், முழ நீளத்தில் ஒரு கறுப்புக் குழாயைக் கொண்டுவந்து வைத்தார். "யூவி. உள்ள ஒரு லைட்டு இருக்குது. மோட்டார் தண்ணிய இதுக்குள்ள தள்ளும். லைட்ட தாண்டி வர்ற பாசி உயிரோட வராது. நாலஞ்சு நாள்ல தண்ணி பளிங்கு."

"மீனு?"

"மீனு ஏன் சார் குழாய்க்குள்ள போவுது?"

"வேற எதுவும் ஆவாதா?"

"மூடியக் கழட்டி லைட்ட மட்டும் பாக்காதீங்க. கண்ணு போயிடும்."

இந்தக் கடைசி வாக்கியம் இல்லாமல் இருந்திருந்தால் குணசீலன் நிம்மதியாக மலை ஏறியிருப்பான். வளைவுக்கு வளைவு, மடியில் இருந்த பெட்டியை உடம்பிலிருந்து கொஞ்சம் தள்ளியே பிடித்துக்கொண்டு வந்தான்.

வெண்ணிலா பெட்டியைத் தொடவில்லை. "கண்ணு போற லைட்டுன்னா மீனுக்குக் கண்ணு இல்லியா? கறுப்புக்கு முட்டைக்கண்ணு வேற!"

"லைட்டு குழாய்க்குள்ள மூடி இருக்குது வெண்ணிலா."

"ஆஸ்பத்திரியில கிருமியச் சாவடிக்கறது இந்த லைட்டுதான். எனக்குத் தெரியும். கிருமி எது, மீனு எதுன்னு லைட்டுக்கு எப்படித் தெரியும்?"

செல்போனில் தேடினான். போட்டே ஆக வேண்டும் என்று பாதிப் பேர் எழுதியிருந்தார்கள். போட்டால் தொலைந்தாய் என்று மீதிப் பேர். ஒருவர், தான் போட்டது நல்லதா கெட்டதா என்று இரண்டு வருஷமாக யோசிப்பதாக எழுதியிருந்தார். அவர்மேல் மட்டும் குணசீலனுக்கு நம்பிக்கை வந்தது.

கடைசியில் ஒரு துணிச்சல் வந்து மாமனாருக்கே போன் போட்டான்.

"மாமா, சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். பொதுவா, யாராச்சும், தொட்டிக்கு இந்த யூவி லைட்டு..."

"யூவியா!" போன் அதிர்ந்தது. "அந்தப் பேச்சே என் வூட்ல கெடையாது மாப்ள. கரன்ட்டு போட்டுத் தெளிய வைக்கறது தண்ணியா? அது போலிப் பத்திரம்! தண்ணி தானாத் தெளிஞ்சாத்தான் அந்த ஊரு ஒத்துக்கிச்சுன்னு அர்த்தம். ஏன், உங்க தொட்டிக்கு இன்னா?"

"ஒண்ணுமில்ல மாமா. மில்லுல ஒருத்தரு கேட்டாரு."

"மீனு வெச்சிருக்காரா?"

"வெச்சிருந்தாரு."

இப்போது சிக்கல் இரட்டிப்பானது. மீன் செத்துவிடுமோ என்ற பயம் போதாது என்று, மாட்டிக்கொண்டால் போலிப் பத்திரம் போட்டவன் என்ற பெயரும் சேர்ந்தது. ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு கிழித்தான். இடது பக்கம் 'போட்டால்'. வலது பக்கம் 'போடாவிட்டால்'.

போட்டால்: மீன் சாகலாம். மாமா கண்டுபிடிக்கலாம். வெண்ணிலா போய்விடுவாள்.

போடாவிட்டால்: தண்ணீர் பச்சை. மாமா நேரிலேயே பார்ப்பார். வெண்ணிலா போய்விடுவாள்.

தாளை வெண்ணிலா வாங்கிப் படித்தாள். வெகு நேரம் படித்தாள், அதில் இருந்தது ஆறே வரியானாலும்.

"நீங்க இன்னா, மீனு செத்துடும்னு பயப்படறீங்கன்னு நெனச்சேன்."

"மீனு செத்தா வேற மீனு வாங்கலாம்."

அவள் தாளை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். "போடுங்க."

"போலிப் பத்திரம்னு..."

"எங்கப்பா முப்பத்தோரு வருசம் எத்தினியோ பாத்திருக்காரு. இது ஒண்ணு தெரியாமப் போனா இன்னா? போடுங்கறேன் இல்ல?"

ஆடிக்கு நாலு நாள் இருக்கும்போது யூவி ஓட ஆரம்பித்தது.

முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள், பச்சையில் ஒரு லேசான தயக்கம். மூன்றாம் நாள் காலை, கண்ணாடிக்கு ஒரு சாண் உள்ளே வரை தெரிந்தது. மத்தியானம் காற்று சுழற்றி அடித்தது. எங்கோ மரம் விழுந்து கரன்ட் போனது.

"எப்ப வருமாம்?"

"மரத்த வெட்டி எடுத்தா வருமாம்."

"எப்ப வெட்டுவாங்களாம்?"

"மழ நின்னா."

குணசீலன் ஐந்து நிமிஷம் நகத்தைக் கடித்தான். பிறகு மில்லுக்கு ஓடி, எடை மெஷினுக்காக வைத்திருந்த இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் கோபால்சாமியோடு சேர்ந்து தூக்கிக்கொண்டு வந்தான். யூவி மறுபடி ஓடியது. ஒரு மணி நேரத்தில் வாசலில் பத்துப் பதினைந்து பேர், தலைமேல் சாமை மூட்டையோடு.

"சார், மெஷினு ஓடல. எட போடணும்."

"கரன்ட் இல்லண்ணே."

"உங்க வூட்ல மட்டும் ஏதோ ஓடுதே?"

எல்லோரும் உள்ளே வந்து தொட்டியைச் சுற்றி நின்றார்கள். மேனேஜர் மூஞ்சியையும் பார்த்தார்கள். கோபால்சாமி குரலைத் தாழ்த்தி விளக்கினார்: "தண்ணி தெளியலன்னா சம்சாரத்த மாமனாரு ஓட்டிக்கினு போயிடுவாரு."

கூட்டம் 'ச்சு' கொட்டியது. மூட்டைகளை வராந்தாவில் அடுக்கிவிட்டு, எடை நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு மனதாகச் சொல்லிப் போனார்கள். போகிற போக்கில் ஒருவர், இரண்டு சொட்டு மலைத்தேன் விட்டால் தெளியும் என்றார். குணசீலன் கையெடுத்துக் கும்பிட்டான்.

ஐந்தாம் நாள் விடிந்தது. ஆடி ஒன்று.

தொட்டியில் தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. பின்சுவரில் சுண்ணாம்பு உரிந்திருப்பது வரை தெரிந்தது. மீன்கள் அந்தரத்தில் மிதந்தன. குணசீலன் வாய் திறந்து நின்றான். வெண்ணிலா அவன் கையைப் பிடித்தாள். பிறகு அவள் பிடி இறுகியது.

"என்னங்க."

"இன்னா?"

"கறுப்பு எங்க?"

தொட்டியில் இரண்டு மீன்கள் இருந்தன. ஒன்று ஆரஞ்சு. முட்டைக்கண் வைத்த இன்னொன்றும் ஆரஞ்சு.

"சாயம் போயிடுச்சு!" வெண்ணிலா தலையில் கை வைத்துக்கொண்டாள். "போர்வ சாயம் போன மாதிரி மீனும் சாயம் போயிடுச்சு! அந்த லைட்டுதான்! நான் அப்பவே சொன்னேன்!"

"நீதான போடச் சொன்னே?"

"சொன்னா போட்டுடறதா?"

"பஸ்ஸப் புடிச்சுப் போளூருக்குப் போய், வேற கறுப்பு..."

வாசலில் ஹாரன் அடித்தது.

எட்டிப் பார்த்தான். பஸ்ஸில் வருவார் என்று நினைத்த மாமனார், ஒரு குட்டி யானை சரக்கு வண்டியின் முன்சீட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். மலைத் தூறலில் நனையாமல் இருக்க வண்டியின் பின்பக்கம் தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தது. பெண்ணை மட்டும் அழைத்துப் போக வண்டி எதற்கு? பீரோவும் கிரைண்டரும் ஏற்றத்தான் வண்டி. மொத்தமாக முடிவு செய்துகொண்டுதான் வந்திருக்கிறார்.

யூவியைப் பிடுங்கினான். குழாயில் தண்ணீர் சொட்டச் சொட்ட, வராந்தாவில் இருந்த சாமை மூட்டைகளின் இடுக்கில் செருகினான்.

"வாங்க மாமா!"

"இருங்க மாப்ள." ராஜாக்கண்ணு காப்பி, தண்ணீர் எதையும் தொடவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு நேராகத் தொட்டிக்குப் போனார். மேலிருந்து பார்த்தார். பக்கவாட்டில் பார்த்தார். குனிந்து அடியில் பார்த்தார். பத்திரத்தின் நாலு எல்லையையும் சரிபார்ப்பது மாதிரி நாலு மூலையையும் பார்த்தார்.

"யூவி கீவி எதுவும் போடலியே?"

"ஐயோ, மாமா!"

"ம்." விரல் கண்ணாடியைத் தட்டியது. "கறுப்பு எங்க?"

வெண்ணிலா முன்னால் வந்தாள். "அப்பா... அது வந்து..."

"முட்டைக்கண்ணு இதுதான?" அவர் மூக்கு கண்ணாடியில் ஒட்டியது. "நெறம் மாறிடுச்சா! அடேங்கப்பா. இந்த ஜாதியில சிலது மாறும்னு சொல்லுவாங்க மாப்ள. என் வூட்ல இத்தினி வருசத்துல ஒண்ணுகூட மாறல. இங்க மூணு மாசத்துல தங்கமா மாறி நிக்குது!" நிமிர்ந்தபோது அவர் கண்ணில் நீர் கோத்திருந்தது. "இந்த மலைத் தண்ணியில இன்னாவோ இருக்குது."

குணசீலன் மூச்சை விட்டான். எத்தனை நாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சு என்று அவனுக்கே தெரியவில்லை.

ராஜாக்கண்ணு திரும்பினார். சுவரோரம் கட்டி வைத்திருந்த சூட்கேஸ் கண்ணில் பட்டது.

"பொட்டி எதுக்கும்மா?"

"ஆடிக்குப்பா. நீங்க வந்து கூப்புடுவீங்கன்னு..."

"அதெல்லாம் வேணாம். பிரிச்சு உள்ள வை. நீ எங்கியும் போவத் தேவையில்ல." மாப்பிள்ளையின் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "தண்ணி தெளிவா இருந்தா ஒரு வார்த்த பேசமாட்டேன்னு சொன்னேன். பேசல மாப்ள. எனக்குப் பரம திருப்தி."

குணசீலன் வெண்ணிலாவைப் பார்த்தான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஜன்னலுக்கு வெளியே தூறல் விட்டு, எதிர்ச் சரிவில் சாமைக் காடு பளபளத்தது. இருபது நாள் பயமும் ஒரே நொடியில் வடிந்து, இந்த வீடும் இந்த மலையும் இவளும் இனி தனக்கு மட்டும்தான் என்று தோன்றியது.

வண்டி ஓட்டிவந்த அர்ச்சுனன், அவிழ்த்த தார்ப்பாய்க் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே வாசல்படியில் வந்து நின்றான்.

"ஐயா, தண்ணி பச்சையா இருந்தா வண்டிய அப்படியே திருப்பிடு, தெளிஞ்சிருந்தா எறக்கிடுன்னு சொன்னீங்களே... உங்க கட்டிலயும் பீரோவையும் எந்த ரூமுல போடறது?"